செவ்வாய்க்கிழமை மாடுகள்

ஹெர்மினா வெசெலிங்கின் ஐம்பத்தெட்டு மாடுகளும் ஒரு மார்ச் மாதக் காலையில் சட்டவிரோதமாயின. மாடுகளுக்கு அது தெரியாது. வழக்கம்போல ஐந்தரை மணிக்குப் பால் கறக்க வந்து வரிசையில் நின்றன. ஹெர்மினாவுக்கே பத்து மணிக்குத் தபால்காரர் வந்த பிறகுதான் தெரிந்தது.

கடிதத்தில் இருந்த விஷயம் இவ்வளவுதான். சிறிய பண்ணைக்காரர்கள் தங்களிடம் மாடு இருக்கிறது என்று தெரிவித்தாலே போதும், அனுமதி வேண்டாம் என்று சில வருஷங்களுக்கு முன்னால் அரசாங்கம் சொல்லியிருந்தது. அவளும் தெரிவித்தாள். அப்படிச் சொன்னதே தப்பு என்று இப்போது நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அரசாங்கம் செய்த தப்புக்கு ஹெர்மினா அனுமதி வாங்க வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் வாங்காவிட்டால் மாடுகள் போக வேண்டும். இப்படிக்கு, அன்பான வணக்கங்களுடன், ஒருங்கிணைந்த நைட்ரஜன் குறைப்பு மையம்.

ஹெர்மினா முரண்டு பிடிக்கிற ஆள் இல்லை. அவள் மேய்ச்சல் நிலத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்ட புதர்க்காடு. ஆகஸ்டில் ஊதாப் பூ பூக்க வேண்டிய இடம். இப்போது பாதிக்கு மேல் புல். மாட்டின் மூத்திரமும் சாணமும் கலந்தால் எழும் நைட்ரஜன் நிறைந்த கார நெடி காற்றில் போய் அங்கே இறங்குகிறது, புல்லுக்கு அது விருந்து, பூச்செடிக்கு அது விஷம். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறாள். "குறைக்கச் சொன்னா குறைக்கிறேன். எப்படின்னு சொல்லச் சொல்லு" என்பதுதான் அவள் கட்சி.

அவள் இதைச் சொன்னது பக்கத்துப் பண்ணை டெர்க்கிடம். டெர்க்கின் பன்றிகளைப் போன வருஷம் அரசாங்கமே விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆறு கொட்டகைகளும் காலி. வேலை இல்லாததால் தினமும் பத்து மணிக்குக் காப்பி குடிக்க வந்துவிடுவார்.

"என் பன்னிங்க போனதுல மிச்சமான நைட்ரஜன் எங்க போச்சு தெரியுமா?" என்றார் டெர்க். "அந்தக் கணக்கக் காட்டி நெடுஞ்சாலைய அகலப்படுத்திட்டாங்க. என் பன்னி நிறுத்துன நாத்தத்துக்குப் பதிலா இப்ப ஆறு வழிச்சாலைல லாரி ஓடுது. நீயும் வித்துட்டீன்னா ஒரு விமான நிலையமே கட்டிடுவான்."

"நான் விக்கல. எனக்கு அனுமதி வேணும், அவ்வளவுதான்."

எங்கள் ஆக்டர்ஹுக் வட்டாரத்தில் ஒருவருக்குக் கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டு சொல்வார்கள். முன்பு இது பழக்கமாக இருந்தது. மையம் வந்த பிறகு விதியாகிவிட்டது. விதி எண் பதினான்கு: பண்ணையாளரோடு பேசுவது சமையலறை மேசையில் நடக்க வேண்டும், காப்பி இருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு பிஸ்கோத்து, அதற்கு மேல் எடுத்தால் லஞ்சம்.

ஏப்ரல் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நான்கு பேர் வந்தார்கள். காற்றுப் பிரிவிலிருந்து ஒரு ஒல்லியான மனிதர். தண்ணீர்ப் பிரிவிலிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா. தட்பவெப்பப் பிரிவிலிருந்து கூச்ச சுபாவமுள்ள ஒரு இளைஞர். நான்காவது ஆள் மையத்தின் இயக்குநர் ஃபான் எவர்டிங்கன், தலைநகரிலிருந்து வந்தவர், கழுத்தில் பட்டுத் துண்டு. முதல் மூவருக்கும் டெர்க் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்: காத்துக்காரர், தண்ணிக்காரி, வானிலைத் தம்பி.

"முன்னாடி நாங்க மூணு தனித்தனி அலுவலகமா இருந்தோம்" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குத் தெரியாது. விவசாயி பாடு திண்டாட்டம். இப்ப ஒண்ணாச் சேந்துட்டோம்."

"அப்ப இப்ப ஒரே அலுவலகமுங்களா சார்?" என்று கேட்டாள் ஹெர்மினா.

"இல்ல. நாலு. சேர்த்து வைக்கிறதுக்கு ஒரு அலுவலகம் வேணுமில்ல?"

முதலில் காற்றுக்காரர் பேசினார். சாணக் கரைசலை நிலத்தின் மேலே தெளிக்கவே கூடாது, அப்படியே ஆவியாகிக் காட்டுக்குப் போய்விடும், மண்ணைக் கீறி உள்ளே செலுத்த வேண்டும். ஹெர்மினா குறித்துக்கொண்டாள். அவர் காப்பியை முடித்ததும் தண்ணீர்க்காரி இன்னொரு காப்பி வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார். மண்ணுக்குள் செலுத்தினால் நேராக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும், உள்ளே செலுத்தவே கூடாது. நிலத்தை ஈரமாக வைத்திருக்க வேண்டும். அடுத்து வானிலைத் தம்பி. ஈரமான மண்ணிலிருந்து சிரிப்பு வாயு கிளம்பி உலகத்தைச் சூடாக்குகிறது, நிலத்தைக் காய்ந்தபடி வைத்திருக்க வேண்டும் என்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஹெர்மினா தன் தாளைப் பார்த்தாள். "சாணத்த மேல போடக் கூடாது, உள்ள போடக் கூடாது. நிலம் ஈரமாவும் இருக்கணும், காஞ்சும் இருக்கணும். நான் சரியா எழுதியிருக்கேனா சார்?"

"அருமையா எழுதியிருக்கீங்க" என்றார் இயக்குநர். "இதையெல்லாம் தனித்தனியா மூணு கடிதமா அனுப்பிட்டிருந்தோம். இப்ப ஒரே கடிதம். விவசாயியோட சுமை மூணுல ஒண்ணாக் குறைஞ்சிருக்கு. அமைச்சருக்கு இத அறிக்கையா குடுத்திருக்கோம்."

பிறகு நான்காவது பேச்சு, ஒருங்கிணைப்புப் பேச்சு. மற்ற பேச்சுகளைப் போலவே அதற்கும் விதிப்படி எல்லோருக்கும் காப்பி. ஆக, ஆளுக்கு நாலு கப். இப்படி வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், கோடை முழுக்க வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும் முன் வேலிக்கு அந்தப் பக்கம், காடு தொடங்கும் இடத்தில், ஒரு முட்புதர் பக்கத்தில் ஒரு கம்பத்தை நட்டார்கள். காற்றில் எவ்வளவு நெடி இருக்கிறது என்று அது அளந்து மையத்துக்குச் சொல்லும். கோடை முழுக்க அளவு மையம் போட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால் அனுமதி. கோட்டைத் தாண்டினால் மாடுகள் காலி.

இந்த இடத்தில் விதி எண் பத்தொன்பதைச் சொல்லியாக வேண்டும். மனுதாரரின் வீட்டுக் கழிப்பறையை அதிகாரிகள் பயன்படுத்தக் கூடாது. அது மனுதாரரிடமிருந்து தனிப்பட்ட சேவை பெறுவதாகும். நேர்மைக்குப் பேர்போன மையம் அது. நாலு கப் காப்பி குடித்த நேர்மையான மனிதர்கள் பதினோரு மணிக்கு மேல் என்ன செய்வார்கள்? மனுதாரரின் நிலமாக இல்லாத, பொதுவான, மறைவான ஓர் இடத்துக்கு ஒவ்வொருவராக நடந்து போவார்கள். ஆண்கள் முட்புதருக்கு இந்தப் பக்கம், தண்ணீர்க்காரி அந்தப் பக்கம்.

ஹெர்மினா சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கத்தான் செய்தாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கப் கழுவுவாள். விருந்தாளி எங்கே ஒதுங்கினார் என்று கவனிப்பது எங்கள் பக்கத்தில் அசிங்கம். அதை வாய்விட்டுச் சொல்வது அதைவிட அசிங்கம்.

மே மாதம் கம்பம் பேச ஆரம்பித்தது. வாரம் முழுக்க அளவு கோட்டுக்குக் கீழே சாதுவாக இருக்கும். செவ்வாய் மத்தியானம் குபீரென்று ஏறும். புதன்கிழமை இறங்கும். வியாழன் மத்தியானம் மறுபடி ஏறும்.

"செவ்வாய்க்கிழமை மாட்டுக்கு ஏதாவது விசேஷமாத் தீனி போடுறீங்களா?" என்று காற்றுக்காரர் கேட்டார்.

"மாட்டுக்குக் கிழமை தெரியாதுங்க."

"தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க? ஆய்வு ஏதும் இருக்கா?"

ஹெர்மினாவிடம் ஆய்வு ஏதும் இல்லை. ஆகவே மையம் ஆய்வு செய்தது. ஒரு பேராசிரியர் வந்து மூன்று வாரம் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாரத்தில் ஞாயிறு ஒருநாள் மனிதர்கள் ஓய்வெடுப்பதைக் கண்டு மாடுகளும் வார ஒழுங்கைக் கற்றுக்கொண்டு, செவ்வாயும் வியாழனும் மும்முரமாக இயங்குகின்றன என்று எழுதினார். ட்ரூஸ் 41 என்ற கிழட்டுப் பசுதான் மற்றவற்றுக்குத் தலைமை தாங்குவதாக அடிக்குறிப்பு. ட்ரூஸ் அந்த மூன்று வாரமும் பெரும்பாலும் படுத்தே கிடந்தது.

ஜூனில், செவ்வாயும் வியாழனும் மாடுகளைக் கொட்டகைக்குள் அடைக்க உத்தரவு வந்தது. அடைத்தாள். கம்பம் ஏறியது. ஜூலையில், அந்த இரண்டு நாளும் மாடுகளை வெளியே விட உத்தரவு. விட்டாள். கம்பம் ஏறியது. ஆகஸ்டில் காற்றுக்காரருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாடுகளே இல்லாமல் அளந்து பார்த்தால் என்ன?

ஐம்பத்தெட்டு மாடுகளையும் அதிகாலையில் ஓட்டிக்கொண்டு போய் டெர்க்கின் காலிப் பன்றிக் கொட்டகைகளில் அடைத்தார்கள். மாடுகள் கத்திய கத்தலில் தேவாலயத்து மணி கேட்கவில்லை. இந்தப் பக்கம் வெறும் கொட்டகை. நான்கு அதிகாரிகளும் சமையலறையில் உட்கார்ந்து ஆவலோடு காத்திருந்தார்கள். பதற்றத்தில் அன்றைக்கு ஆளுக்கு ஐந்து கப் உள்ளே போயிற்று.

மத்தியானம் கம்பம் கோடை முழுக்க ஏறாத உயரத்துக்கு ஏறியது.

இயக்குநர் முகம் வெளுத்துவிட்டது. "மாடு இருக்கும்போது விட்டதவிட இல்லாதபோது அதிகமா விடுதே! இது ரொம்ப அபாயம். இருக்கிற மாட்டைக் குறைக்க நம்மகிட்ட சட்டம் இருக்கு. இல்லாத மாட்டை எப்படிக் குறைக்கிறது?"

வானிலைத் தம்பி மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் பார்வை ஜன்னல் வழியே முட்புதருக்குப் போய்த் திரும்பியது. காது சிவந்தது. வாயை மூடிக்கொண்டான்.

அவர்கள் போனதும் டெர்க் மேசையைத் தட்டினார். "ஏம்மா ஹெர்மினா, உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தப் பையனுக்கும் தெரிஞ்சுபோச்சு. வாயத் திறந்து சொல்லித் தொலையேன்!"

"வீட்டுக்கு வந்தவங்களப் பத்தி அப்படிச் சொல்லலாமாப்பா?"

"உன் மாட்ட ஓட்டிட்டுப் போறான். நீ மரியாதை பாத்துட்டு உக்காந்திருக்க."

அன்றைக்கு மாலை பால் கறக்கும்போது அவள் அழுதாள். சத்தமில்லாமல், ட்ரூஸின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு. இந்த மாடுகள் போனால் காலை ஐந்தரைக்கு எழுந்து என்ன செய்வது என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

செப்டம்பரில் ஊர் துப்பாக்கிச் சங்க மண்டபத்தில் பொது விசாரணை. ஊரே வந்திருந்தது. இயக்குநர் மேடையேறி நாற்பது நிமிஷம் பேசினார்.

"எங்க மேல ஒரு குற்றச்சாட்டு சொல்றாங்க, அஞ்சு வருஷத்துல காட்டுல ஒரு பூகூட அதிகமாகலைன்னு. நண்பர்களே, பூவை எண்ணுறது எங்க வேலை இல்ல. அது வனத்துறை. அஞ்சு வருஷத்துல நாங்க எழுநூறு சமையலறை மேசைகள்ல உக்காந்திருக்கோம். இது சாதனையா இல்லையா? பிரச்சினை தீந்துட்டா ஒருங்கிணைக்க என்ன இருக்கு? அதையும் நீங்க யோசிக்கணும்." கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். யாரோ இருமினார்கள். "இந்தப் பண்ணைல, மாடு இருந்தாலும் இல்லேன்னாலும் நெடி கிளம்புது. ஆகவே ஐம்பத்தெட்டு மாடுகளையும் நிரந்தரமா அப்புறப்படுத்தப் பரிந்துரைக்கிறோம். பண்ணையாளர் ஏதாவது சொல்ல விரும்புறாங்களா?"

ஹெர்மினா எழுந்தாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது.

"மன்னிச்சுக்கணும் சார். சொல்லக் கூடாதுதான். அந்தக் கம்பத்துக்கிட்ட என் மாடு ஒருநாளும் போனதில்ல, நடுவுல வேலி இருக்கு. அங்க போறது நீங்க நாலு பேரும்தான். செவ்வாயும் வியாழனும். காப்பி குடிச்ச பிறகு."

மண்டபத்தின் பின்வரிசையில் டெர்க் ஆரம்பித்த சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. பாதிரியார் தொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

வேறு மனிதர்களாக இருந்தால் அன்றே மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பார்கள். மையம் அப்படிப்பட்டதல்ல. உடனே ஒரு விசாரணைக் குழு அமைத்தது. குழு மூன்று வாரம் அதிகாரிகளை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தது. நெடிக்குக் காரணம் அதிகாரிகள் என்பது நிரூபணமாகிறது. ஆனால் அவர்கள் அங்கே போகக் காரணம் பண்ணையின் காப்பி. காப்பி கொடுக்கக் காரணம் பண்ணையின் மனு. ஆகவே அந்த நெடி பண்ணையின் நெடியே. மாடுகளைப் பொறுத்தவரை ஹெர்மினா நிரபராதி. ஐம்பத்தெட்டு உருப்படிகளுக்கு அனுமதி தரலாம். ஆனால் மேற்பார்வைக்காக இன்னும் பத்து வருஷம் அந்த நால்வரும் வரவேண்டியிருப்பதால், அவர்களையும் பண்ணையின் கால்நடைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

பால் பண்ணைப் பதிவேட்டில் 'பசு' என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அதில் சேர்த்தார்கள். ஒரு அதிகாரி ஒரு பசுவில் பத்தில் ஒரு பங்குகூட வரமாட்டார்தான். ஆனால் பின்னத்தை முழு எண்ணாக்க வேண்டும் என்பது விதி. நாலு அதிகாரி, நாலு பசு. ஆக மொத்தம் அறுபத்திரண்டு. ஆகவே நாலு மாடுகளை அக்டோபர் கடைசி வியாழக்கிழமை அப்புறப்படுத்த வேண்டும். அதிகாரிகள் நேரில் வந்து பார்த்த பிறகு அனுமதி கையெழுத்தாகும்.

"நாலுதானே, விட்டுத் தள்ளு. ஐம்பத்தெட்டும் போகாம நாலோட போச்சே" என்றார் டெர்க்.

"எந்த நாலுன்னு நீ வந்து சொல்லு பாப்போம்" என்றாள் ஹெர்மினா. டெர்க் கொட்டகைக்குள் போய்ப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனார். அவள் மூன்று நாள் யோசித்து, வயதான நான்கைத் தேர்ந்தெடுத்தாள். முதலாவது ட்ரூஸ்.

அந்தக் கடைசி வாரத் திங்கட்கிழமை தபாலில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. கால்நடைப் பதிவு அலுவலகம் அனுப்பியது. அது இயந்திரம் போல இயங்கும் அலுவலகம். பதிவேட்டில் புது உருப்படி ஏறினால் போதும், கேள்வி கேட்காமல் அனுப்பிவிடும். பிரித்துப் பார்த்தாள். கூடவே இருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள்.

வியாழக்கிழமை காலை மழை கொட்டியது. அதிகாரிகள் பேருந்தில் வந்து இறங்கினார்கள். அதிகாரிகளின் கார் புகையும் அவர்கள் போகிற பண்ணையின் கணக்கில்தான் ஏறும் என்று மையமே புதிதாகச் சுற்றறிக்கை விட்டிருந்தது. திரும்பும் பேருந்து மாலை நாலேகாலுக்குத்தான். மாட்டு லாரி முற்றத்தில் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. நான்கு மாடுகளும் கயிற்றோடு தயாராக நின்றன.

காப்பி ஊற்றிவிட்டு ஹெர்மினா மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள். அதில் கொதிநீரில் போட்டெடுத்த ஒரு பெரிய இடுக்கியையும், எட்டு மஞ்சள் அட்டைகளையும் வரிசையாக வைத்தாள்.

"இது என்னம்மா?" என்றார் இயக்குநர்.

"மாட்டுக் காதுல குத்துற அட்டைங்க சார். உங்களுக்கு வந்திருக்கு. பதிவேட்டுல ஏறுன உருப்படிக்கு அட்டை வந்த மூணு வேலை நாளுக்குள்ள போட்டுடணுமாம், இன்னைக்கு கடைசி நாள். ஆளுக்கு ரெண்டு, ரெண்டு காதுக்கும். கொஞ்சம் சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான். கன்னுக்குட்டிகூட ஒரு நிமிஷத்துல மறந்துடும்."

அவள் முகத்தில் கேலி துளியும் இல்லை. வந்த கடிதத்துக்கெல்லாம் அப்படியே கீழ்ப்படிந்து பழகிய முகம் அது.

"இது வேற துறை அனுப்பினது!"

"எல்லாம் ஒண்ணாச் சேந்துடுச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

தண்ணீர்க்காரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். காற்றுக்காரர் விதிப் புத்தகத்தை வேகவேகமாகப் புரட்டி, புரட்டியதை மூடினார். வானிலைத் தம்பி மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டான். "முதல்ல எந்தக் காதும்மா?"

"இடது, தம்பி. அசையாம உக்காரு."

"நிறுத்துய்யா!" என்று கத்தினார் இயக்குநர். "போடலைன்னா என்ன ஆகும்?"

"அட்டை இல்லாத உருப்படிய பதிவேட்டுல வச்சிருக்கக் கூடாதாம் சார். பேர அடிச்சிடணும். இதோ, இங்க எழுதியிருக்கு."

இயக்குநர் இடுக்கியைப் பார்த்தார். மஞ்சள் அட்டையில் அச்சடித்திருந்த தன் எண்ணைப் பார்த்தார். பட்டுத் துண்டை அவிழ்த்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். பதிவேட்டில் தங்கள் நான்கு வரிகளையும் அடித்தார். அடித்து முடித்துக் கூட்டிப் பார்த்தால், ஐம்பத்தெட்டு. அனுமதித் தாளில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஹெர்மினா மை காயும்வரை அந்தத் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் முற்றத்துக்கு ஓடி, மழையில் நனைந்துகொண்டே ட்ரூஸின் கயிற்றை அவிழ்த்தாள்.

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். "என்னம்மா இது? நாலு உருப்படி ஏத்திட்டு டூட்டின்கெம் டவுன் வரைக்கும்னு தாள்ல போட்டிருக்கு. காலியாப் போனா மையத்துக்கு எவன் விளக்கம் எழுதுறது?"

அதிகாரிகள் வாசலில் நின்று மழையைப் பார்த்தார்கள். பேருந்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம். உள்ளே மேசைமேல் இடுக்கி. லாரிக்காரர் பக்கத்து இருக்கையில் அவருடைய நாய் உட்கார்ந்திருந்தது. இயக்குநர் பட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சரிவுப் பலகை வழியாகப் பின்பக்கம் ஏறினார். மற்ற மூவரும் வரிசையாகப் பின்னால் போனார்கள்.

லாரிக்காரர் எண்ணிப் பார்த்தார். நாலு. தாளில் குறித்துக்கொண்டார். பலகையைத் தூக்குவதற்கு முன்னால், பயண விதிப்படி கேட்க வேண்டியதை ஹெர்மினாவிடம் கேட்டார்.

"தண்ணி காட்டியாச்சா?"

"ஆச்சு" என்றாள் ஹெர்மினா. "வழியில எங்கயும் நிறுத்திடாதீங்க."